இவ்வினா எழவில்லை

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். மேற்கே மலை முழுக்க மூடிக்கிடக்கிறது. துவைத்த துணி எதுவும் காயவில்லை. ஈரப் புடவையை ஃபேனுக்கு அடியில் விரித்துப்போட்டு, பாதி காய்ந்ததைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இன்று தாய் மரண ஆய்வுக் கூட்டம். போன மாதம் என்னிடம் பிரசவமாகி, திருநெல்வேலிக்கு அனுப்பி, ஆம்புலன்சிலேயே இறந்துபோன பெண்ணின் கேஸ். நீள மேசை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், தட்டில் முந்திரி பிஸ்கட். கேஸ் ஷீட்டை நானே வாசித்தேன். சுகப்பிரசவம். ஆண் குழந்தை. பிறகு ரத்தப்போக்கு. ஊசி போட்டோம், கர்ப்பப்பையைப் பிசைந்துவிட்டோம், உள்ளே பலூன் வைத்து அழுத்தினோம். நிற்கவில்லை. வயிற்றைத் திறந்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். மயக்கம் கொடுக்க டாக்டர் இல்லை. வெளியே தனியார் டாக்டருக்கு போன் செய்தோம். அவர் வேறு ஆபரேஷனில். அனுப்பிவிட்டேன்.

ஒருவர்: "ஏன் அனுப்பினீங்க?" பக்கத்தில் இருந்தவர்: "ஏன் இன்னும் முன்னாடியே அனுப்பல?" இரண்டுக்கும் பதில் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. வேறு யாரோ வாசிப்பதை நான் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

"உங்க ஆஸ்பத்திரியிலதான் மயக்க டாக்டர் இருக்காரே?"

"பேர் இருக்கு சார். சம்பளமும் எங்ககிட்டதான். ஆள் மாற்றுப்பணியில வேற ஆஸ்பத்திரியில இருக்கார்."

"அது தனி விஷயம்," என்றார். அடுத்த கேஸ்.

வீட்டில் என் கணவர் பாலு, "எப்பிடிப் போச்சு?" என்றார். முடிந்துவிட்டது என்றேன். சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டிருக்கிறேன். அவர் சொல்லித்தான் தெரிந்தது. எனக்கு ருசி தெரியவில்லை.

வாங்க: உளுந்து, துணிக் கிளிப், பாலுவுக்குக் குடை, கொசுவத்தி.


ஜூன் 11, புதன்

ஓ.பி. கூட்டம். சளி, இருமல், ஈரத்தால் வருகிற எல்லாம். கர்ப்பிணிகள் நாள் வேறு. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது சண்முகவேல் சார் வந்தார். எங்கள் ஆஸ்பத்திரி குழந்தை டாக்டர். டாக்டர்கள் சங்கத்தின் செயலாளரும் அவர்தான்.

"எம்.எல்.ஏ. ஞாயித்துக்கெழம குத்தாலத்துல இருக்காரு மேடம். டைம் வாங்கிட்டேன். நீங்களும் வாரிய."

நான் எதற்கு என்றேன்.

"நீங்க வந்தாத்தான் எடுபடும். எங்க கேஸ் இல்லல்லா அது."

டப்பாவை மூடினேன். அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. நல்ல மனிதர். இருபது வருஷமாக மனு எழுதுகிறவர். மனுவில் எட்டுக் கோரிக்கை: மயக்க டாக்டர், ரத்த சேமிப்பு, லிஃப்ட், இரவுக் காவலாளி, இப்படி. எட்டும் எதற்கு, ஒன்று மட்டும் கேட்போம் என்றேன். எழுதியதை அடிக்க அவருக்கு மனசில்லை. முதலாவதன் கீழே கோடு போட்டார்.

ரோஸ் சிஸ்டர் (பிரசவ வார்டு) கேட்டாள்: "குத்தாலம் போறியளா மேடம்? அப்பிடியே ஒரு குளியல் போட்டுட்டு வாங்க. மூஞ்சி என்னமோபோல இருக்கு."


ஜூன் 15, ஞாயிறு

குற்றாலம். மெயின் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. பாலம் வரை கார் வரிசை. ரோட்டில் ஈரத் துண்டோடு ஜனம், எல்லார் தலையிலும் எண்ணெய். மங்குஸ்தான் கூடைகளுக்குக் குடை பிடித்திருக்கிறார்கள், விற்கிறவர்கள் நனைந்துகொண்டு.

விருந்தினர் மாளிகை வராந்தாவில் காத்திருந்தோம். சண்முகவேல் சார், நான், சங்கத்திலிருந்து இன்னும் இரண்டு பேர். எங்களுக்கு முன்னால் ரோடு வேண்டும் என்று ஒரு கிராமம், பார் கூடாது என்று ஒரு தெரு, காதுகுத்துப் பத்திரிகையோடு ஒரு குடும்பம். வெள்ளை வேட்டிகள் உள்ளே போவதும் வருவதுமாக. ஒருவர் இன்னொருவரிடம்: "மெயினுல தண்ணி கொறைஞ்சா சொல்லுவே, ஐயாவக் கூட்டிட்டுப் போணும்."

மத்தியானம் ஆகிவிட்டது உள்ளே கூப்பிட. எம்.எல்.ஏ. ஐம்பத்தைந்து வயதிருக்கும். முன்பு உரக்கடை வைத்திருந்தவர் என்று பாலு சொல்லியிருந்தார். தலை ஈரமாக, தோளில் துண்டு. எழுந்து கும்பிட்டார். எல்லாருக்கும் டீ வந்ததா என்று பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார். அதை எதிர்பார்க்கவில்லை.

சண்முகவேல் சார் எட்டுக் கோரிக்கையையும் வாசித்தார். இரண்டாவதிலேயே எம்.எல்.ஏ. கண் ஜன்னலுக்குப் போனது. லிஃப்ட் என்றதும் ஒருமுறை திரும்பி வந்தது. முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

"டாக்டரம்மா ஒண்ணும் சொல்லலியே."

சொன்னேன். பிரசவம், ரத்தப்போக்கு, மயக்கம் கொடுக்க ஆள் இல்லை, ஆம்புலன்ஸ், ஆலங்குளம் தாண்டி இறப்பு. கூட்டத்தில் வாசித்த அதே வரிசை, அதே வார்த்தைகள்.

"மயக்க டாக்டர் இருக்காருன்னுல்லா சொல்லுதாவ?"

"பேர் இருக்குங்க. ஆள் இல்ல."

யோசித்தார். பிறகு, "அந்தப் புள்ள பேரு என்ன?"

வரவில்லை.

வயது சொன்னேன், இருபத்துநாலு. ரத்த வகை சொன்னேன், ஓ பாசிட்டிவ். இரண்டாவது பிரசவம் என்றேன். பெயர் மட்டும் வரவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சண்முகவேல் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருக்கும் தெரியாது.

எம்.எல்.ஏ. உதவியாளரிடம் திரும்பினார். "அசெம்பிளி கூடுதுல்லா. ஒரு கேள்வி போடுவோம். மயக்க டாக்டர் வேல காலியா இருக்கா, எப்பம் போடுவியன்னு கேட்டிருவோம். எழுதிக்கிடும்."

வெளியே வந்து படி இறங்கும்போது வந்தது. மாரிச்செல்வி. அப்படியே திரும்பிப் போனேன். வாசலில் நின்ற ஆள் மறித்தார். அவர் தலைக்கு மேலாக உள்ளே பார்த்து, "மாரிச்செல்வி" என்றேன், சத்தமாக. காதுகுத்துக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. எம்.எல்.ஏ. பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

ஆளுக்கொரு பை ரம்புட்டான் கொடுத்து அனுப்பினார்கள். சண்முகவேல் சாருக்கு சந்தோஷம். "கேள்வியே போடுதாரு மேடம்! மனு வாங்கி வச்சிக்கிட்டவங்களத்தான் இம்புட்டு நாளும் பாத்திருக்கேன்."

பை சொட்டச் சொட்ட பஸ்ஸில் வந்தேன்.


ஜூன் 16, திங்கள்

மாரிச்செல்வி. மாரிச்செல்வி. கணவன் சுடலைமுத்து. பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லோடுமேன். கேஸ் ஷீட்டை எடுத்து மறுபடி பார்த்தேன். என் கையெழுத்தில் பெயர் பல இடத்தில் இருக்கிறது.

அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று காத்திருக்கவும் இல்லை.

ரம்புட்டான் பாதி அழுகல்.


ஜூன் 18, புதன்

தடுப்பூசி நாள். வரிசையில் சுடலைமுத்து. குழந்தையை ஒரு பெண் வைத்திருந்தாள், அவன் அக்காவாம். ஒன்றரை மாத ஊசி.

என் அறைக்கு இன்னொரு வாசல் உண்டு. அது வழியாகப் போயிருக்கலாம். கால் அவனைப் பார்த்தே போனது.

"கும்பிடுதேன் டாக்டரம்மா," என்றான். நான் என்ன எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. சத்தம் போடுவான் என்றா?

"பால் பவுடரு ஒத்துக்கிட மாட்டேங்கு. கக்குதான். வேற எதுவும் மாத்தணுமா?"

எப்படிக் கலக்குகிறீர்கள் என்று கேட்டேன். அக்கா சொன்னாள். பவுடர் கூடுதல், தண்ணீர் கம்மி. கெட்டியாகக் கொடுத்தால் பிள்ளை தேறும் என்று நினைத்திருக்கிறாள். அளவைச் சொன்னேன், கொடுத்ததும் தோளில் போட்டுத் தட்டச் சொன்னேன். எடை பார்த்தேன். பரவாயில்லை.

"மூத்தவ எங்க?"

"பால்வாடிக்கு விட்டுட்டு வந்தோம். அம்ம எப்பம் வருவான்னு கேக்கா." அதை விலை நிலவரம் சொல்வதுபோலச் சொன்னான். அவனும் என்னைப்போலத்தான் இருக்கிறான் போலும்.

ஊசி போட்டதும் குழந்தை வீறிட்டது. நல்ல சத்தம்.

சாயங்காலம் சண்முகவேல் சார் போன். கேள்வியை எடுத்துக்கொண்டார்களாம். பட்டியலில் வந்துவிட்டதாம். நாளைக்கு வார்டுக்கு அல்வா வாங்கி வருகிறாராம்.


ஜூன் 23, திங்கள்

சாரல் இல்லை. வெயில் அடித்தது. எல்லாத் துணியும் ஒரே நாளில் காய்ந்தது.

தலைமை மருத்துவர் மகள் கல்யாணத்துக்காக ஒரு மாதம் லீவு. பொறுப்பு என்னிடம். மத்தியானம் மெயில். 'சட்டமன்ற வினா. மிக மிக அவசரம். வரைவு விடை இன்று மாலைக்குள்.'

திறந்தேன். நாங்கள் கேட்ட கேள்வி.

எம்.எல்.ஏ. கேட்டு, சட்டமன்றத்திலிருந்து துறைக்குப் போய், துறையிலிருந்து இயக்குநரகம், அங்கிருந்து மாவட்ட இணை இயக்குநர், அங்கிருந்து எங்களுக்கு. அமைச்சர் வாசிக்க வேண்டிய பதிலை நான் எழுத வேண்டும்.

(அ) மேற்படி அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணர் பணியிடம் காலியாக உள்ளதா?
(ஆ) ஆம் எனில், அதனை நிரப்ப அரசு முன்வருமா?

நான்கு தடவை வாசித்தேன். காலியாக உள்ளதா. இல்லை. காலி இல்லை. டாக்டர் ஜமாலின் பெயர் இருக்கிறது, சம்பளப் பட்டியலில் ஒவ்வொரு மாதமும் வருகிறது. பொய் சொல்லாமல் எழுத வேண்டுமென்றால் 'இல்லை' என்றுதான் எழுத வேண்டும்.

கீழே குறிப்புக்கு இடம் இருந்தது. அமைச்சரை மேற்கொண்டு யாராவது கேட்டால் சொல்வதற்கு. அதில் எழுதினேன்: மேற்படி நிபுணர் மாற்றுப்பணியில் வேறு மருத்துவமனையில் உள்ளார். இங்கு மயக்கம் கொடுக்க எவரும் இல்லை. இதனால் மே மாதம் மாரிச்செல்வி (24) என்ற தாய் உயிரிழந்தார். அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் இணை இயக்குநர் ஆபீசிலிருந்து கண்காணிப்பாளர் போன். வயதான குரல். கோபமே இல்லை.

"டாக்டரம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் போடுங்கம்மா."

"உண்மையத்தான சார் எழுதியிருக்கேன்."

"உண்மைதாம்மா. யாரு இல்லன்னா? மேல போனா இதத் தூக்கிட்டு எங்கிட்டதான் திருப்பி விடுவாவ. நாளைக்குக் காலையில மெட்ராசுக்குப் போய்ச் சேரணும். காலியான்னு கேட்டா, இல்ல. அம்புட்டுத்தான். ரெண்டாவதுக்கு எழவில்லைன்னு போட்ருங்க."

"என்னது?"

"இவ்வினா எழவில்லை. அப்பிடித்தான் போடுறது வழக்கம். மொதக் கேள்விக்கு இல்லன்னா ரெண்டாவது கேள்வியே எழும்பாதுல்லா."

பழகிய ஒருவர் பழகாத ஒருவருக்குச் சொல்லித்தருகிற தன்மையோடு சொன்னார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தானாம். அவராகவே சொன்னார்.

குறிப்பை அழித்தேன்.

(அ) இல்லை.
(ஆ) இவ்வினா எழவில்லை.

என் பெயர், பதவி, கையெழுத்து, முத்திரை. மை கம்மியாக இருந்தது. ரோஸ் சிஸ்டர் ஸ்டாம்ப் பேடில் தண்ணீர் தொட்டுக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து தோசை சுட்டேன். பாலு சாப்பிட்டார். நானும்.


ஜூன் 24, செவ்வாய்

ஜமாலுக்கு போன் செய்தேன். அவர் இங்கிருந்து போன பிறகு நாங்கள் பேசிக்கொண்டதே குறைவு. கேள்வி, பதில், எல்லாம் சொன்னேன்.

போனில் பின்னால் தியேட்டர் மானிட்டர் சத்தம்.

"நானா கேட்டு வரல மேடம். ஒங்களுக்குத் தெரியும். இங்கன ரெண்டு பேரு இருக்க வேண்டிய எடத்துல நான் ஒருத்தன் நிக்கேன். என்னய அங்க அனுப்புனா இங்க டேபிள்ல கெடக்கவங்கள என்ன செய்ய?"

எனக்கும் தெரியவில்லை என்றேன்.

"அந்தப் பொண்ணு விஷயம் கேள்விப்பட்டேன்," என்றார். "அன்னைக்கு நான் அங்கன இருந்திருந்தா…" முடிக்கவில்லை. யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

சண்முகவேல் சாரிடம் நேற்றைய விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. அல்வாவில் மிச்சம் ஃபிரிட்ஜில்.


ஜூன் 27, வெள்ளி

சண்முகவேல் சார் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினார். ஓ.பி. முடிந்து, கை கழுவும் இடத்தில் நின்று பார்த்தேன்.

அமைச்சர் எழுந்து வாசிக்கிறார். (அ) இல்லை. (ஆ) எழவில்லை. என் வார்த்தை. ஏற்ற இறக்கம் இல்லாத வாசிப்பு. அப்படித்தான் வாசிக்க முடியும்.

எம்.எல்.ஏ. எழுந்தார். கையில் தாள் இல்லை. துணை வினா. ஊர்ப் பேச்சை விட்டு மேடைத் தமிழ் பேசப் பார்த்தார், பாதியில் விட்டுவிட்டார். "பேப்பர்ல ஆளு இருக்காருங்க. ஆஸ்பத்திரியில இல்ல. மாரிச்செல்வின்னு எங்க ஊர்ப் பொண்ணு, இருபத்துநாலு வயசு, ரெண்டு புள்ளைக்குத் தாயி, இதுனாலதான் போச்சு. அதத்தான் கேக்கேன்."

அமைச்சர், உறுப்பினரின் கருத்து கவனத்தில் கொள்ளப்படும் என்றார். அடுத்த கேள்வி.

வீடியோ அதோடு முடிந்தது. திரும்பப் போட்டேன். அவர் பெயரைச் சொல்கிற இடத்தில் நிறுத்தினேன். குழாயை மூடாமல் விட்டிருக்கிறேன், காலெல்லாம் தண்ணீர்.

"என்னா மேடம், 'இல்லை'ன்னுட்டாரே!" என்று சண்முகவேல் சார் ஓடி வந்தார். "எந்தப் பயலோ ஆபீசுல ஒக்காந்து எழுதிக் குடுத்திருக்கான்."

நான்தான் என்றேன்.

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. வேறு ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "நீங்க என்ன செய்விய," என்றார். அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம்.


ஜூலை 8, செவ்வாய்

மறுபடி நல்ல சாரல். காற்று.

உத்தரவு வந்து, இன்றிலிருந்து ஜமால் வருகிறார். செவ்வாய், வெள்ளி மட்டும். சபையில் கேட்டதற்கு பலன். சங்க குரூப்பில் எம்.எல்.ஏ.வுக்கு நன்றி, பூங்கொத்துப் படம், கைதட்டும் படம்.

இரண்டு சிசேரியன். ஜமால் முதுகில் ஊசி போடும்போது பேச்சுக் கொடுப்பார், எப்போதும்போல. "பயப்படாதம்மா, கொசுக்கடி மாதிரிதான். ஊர் எது? இலத்தூரா? குளத்துல தண்ணி வந்துட்டா?" நான் கத்தியை எடுத்தேன். கை தன் வேலையைச் செய்தது.

டீ குடிக்கும்போது சொன்னார்: "அங்கன செவ்வா, வெள்ளி ஆபரேஷன் லிஸ்ட்ட நிறுத்திட்டாவ மேடம்."

நாங்கள் ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டோம். இருந்த ஆளையே பிட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

ரோஸ் சிஸ்டர் கர்ப்பிணிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஏட்டி, செவ்வா இல்லன்னா வெள்ளி பாத்து வலி எடுக்கச் சொல்லு ஒம் புள்ளய." வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.


ஜூலை 17, வியாழன்

எழுத உட்கார்ந்திருக்கிறேன். வலது கை சரியாக மடங்கவில்லை. எழுத்து கோணல்.

காலை பத்தரை வாக்கில் ஒரு பிரசவம். கனகா, இருபத்தெட்டு வயது, பக்கத்துக் கிராமம். நஞ்சுக்கொடி விழுந்ததும் ரத்தம். அதே மாதிரி. ஊசி, பிசைதல், பலூன். நிற்கவில்லை. வியாழக்கிழமை. தனியார் டாக்டர் போனை எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது.

பலூன் நழுவியது. எடுத்துவிட்டேன். ஒரு கை உள்ளே, ஒரு கை வயிற்றின் மேல், நடுவில் கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்தேன். ரத்தம் குறைந்தது. கையை எடுத்தால் மறுபடி வரும். ஸ்ட்ரெச்சரில் ஏற்றச் சொன்னேன். கையை எடுக்கவில்லை. அப்படியே கூடவே நடந்து, கூடவே ஏறினேன்.

"மேடம், நீங்க எங்க போறிய? ஆஸ்பத்திரிப் பொறுப்பு நீங்கல்லா!" ரோஸ் சிஸ்டர்.

"சண்முகவேல் சாரப் பாக்கச் சொல்லு."

கதவைச் சாத்தினார்கள்.

முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் இடுப்பு போய் வந்தது. ஆம்புலன்ஸ் நர்ஸ் நல்ல பெண், குளுக்கோஸ் பாட்டிலைப் பிழிந்துகொண்டே வந்தாள். பாவூர்சத்திரத்தில் மார்க்கெட் டெம்போக்கள் ரோட்டை அடைத்து நின்றன. சைரன் அலறியது. வெளியே யாரோ, "ஏலே, வண்டிய ஒதுக்குலே, ஒதுக்கு!" தக்காளிக் கூடை சரிகிற சத்தம். வழி கிடைத்தது.

கனகாவின் கண் சொருகத் தொடங்கியது.

"பேரு என்னம்மா?"

"கனகா."

"இன்னொரு தடவ சொல்லு."

"கனகா… டாக்டரம்மா, காலு குளுருது."

"வீட்டுல யாரு சமையல்?"

"நாந்தான்."

"இன்னைக்கு என்ன வைக்கிறதா இருந்த?"

"கத்திரிக்கா… புளிக்கொழம்பு."

எப்படி வைப்பாய் என்று கேட்டேன். சொன்னாள். வெந்தயம் எப்போது போடுவாய் என்றேன். சொன்னாள். நல்லெண்ணெயா என்றேன். பதில் இல்லை. தட்டி எழுப்பி மறுபடி முதலிலிருந்து கேட்டேன். புளிக்குழம்பை எத்தனை தடவை வைத்தோமோ.

ஆலங்குளம் தாண்டினோம். ஜன்னலில் காற்றாலைகள். மாரிச்செல்வி சரியாக எந்த இடத்தில் இறந்தாள் என்று எனக்குத் தெரியாது. அன்று நான் கூடப் போகவில்லை.

கையில் முதலில் வலி, பிறகு எரிச்சல், பிறகு ஒன்றுமே இல்லை. விரல் இருக்கிறதா என்று தெரியவில்லை. "கை மாத்திக்கிடுதியளா மேடம், நான் பிடிக்கேன்," என்றாள் நர்ஸ். வேண்டாம் என்றேன். மாற்றுகிற நேரத்தில் என்ன ஆகும் என்று பயம். பயம்தான் அது. ரொம்ப நாளைக்குப் பிறகு.

திருநெல்வேலியில் தியேட்டர் வாசலில் தயாராக நின்றார்கள். ஒரு டாக்டர் அவர் கையை நுழைத்த பிறகு என் கையை எடுத்தார்கள். நானாக எடுக்கவில்லை, எடுத்துவிட்டார்கள். கதவு மூடியது.

வெளியே பெஞ்ச். ஒரு நர்ஸ் தன் பையிலிருந்து ஒரு சுடிதார் கொடுத்தாள். எனக்குக் கொஞ்சம் இறுக்கம். சாயங்காலம் ஆகிவிட்டது வந்து சொல்ல. கர்ப்பப்பையைக் காப்பாற்றிவிட்டார்கள். ரத்தம் ஏறுகிறது. பிழைத்துக்கொள்வாள்.

அந்த நேரம் பார்த்து கைக்கு உணர்வு வந்தது. எறும்பு ஊறி, பிறகு ஊசி குத்துவதுபோல, தோள் வரைக்கும். அங்கேயே, அந்த பெஞ்சில், பெரிய சத்தமாக அழுதேன். பக்கத்தில் யாருக்கோ காத்திருந்த அம்மாள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "போறவங்க போயாச்சு, அழுது என்ன செய்ய," என்றாள். இல்லை, பிழைத்துவிட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை.

தென்காசி பஸ்ஸில் வந்தேன். பாலு ஸ்டாண்டில் குடையோடு நின்றார். என்ன இது சுடிதார் என்று மட்டும் கேட்டார்.


ஜூலை 18, வெள்ளி

ஜமால் வந்தார். லிஸ்ட் முடிந்தது. கனகாவுக்கு பி.பி. நன்றாக இருக்கிறது என்று போன்.

கை வீக்கம். தைலம்.


ஜூலை 21, திங்கள்

மெமோ வந்தது. பொறுப்பு மருத்துவர் அனுமதியின்றித் தலைமையிடத்தை விட்டுச் சென்றது ஏன், விளக்கம் அளிக்கவும். நான் இல்லாத நேரத்தில் ஒரு விபத்துக் கேஸ் வந்து, சண்முகவேல் சார் தனியாகத் திண்டாடியிருக்கிறார். அவர் புகார் செய்யவில்லை. வேறு யாரோ. அவர்கள் கேட்பதிலும் தப்பில்லை.

பதினோரு மணிக்கு ஓ.பி.யில் இருக்கும்போது வாசலில் சலசலப்பு. எம்.எல்.ஏ. கூட்டம் இல்லாமல், டிரைவர் மட்டும். டோக்கன் இல்லாமல் உள்ளே வந்ததற்கு வரிசையில் இருந்த ஒரு அம்மாள் சத்தம் போட்டாள். அவளைக் கும்பிட்டுவிட்டு, நோயாளிகள் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மெமோ குடுத்திருக்காவளாம்ல? நான் பேசி முடிச்சிருதேன். நீங்க கவலப்படாதிய."

"அத நான் பாத்துக்கிடுதேன். அதுக்கு நீங்க வர வேண்டாம்."

கொஞ்சம் முழித்தார். வேண்டாம் என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை போல.

"பொறவு நான் என்ன செய்யணும்ங்கிய?"

சொல்லிவிட்டேன். "அன்னைக்கு அமைச்சர் வாசிச்ச பதில் நான் எழுதினது. இல்லை, எழவில்லை. கையெழுத்து என்னோடது."

வெளியே குழந்தை அழுகிற சத்தம், ஊசி அறையிலிருந்து. அவர் என்னையே பார்த்தார்.

"கேள்வியும் நீங்க, பதிலும் நீங்களா?"

"காலியான்னு கேட்டிய. காலி இல்ல. வேற என்ன எழுத?"

திட்டுவார் என்று இருந்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு உரம், பூச்சிமருந்துன்னா என்ன கேக்கணும்னு தெரியும். இது தெரியல. அங்கன நின்னுக்கிட்டு முழிச்சேன், நீங்களும் பாத்திருப்பிய." சட்டைப் பையில் பேனா தேடினார். என் மேசையிலிருந்த மருந்துச் சீட்டு ஒன்றை உருவித் திருப்பிப் போட்டார். "சரி. எப்பிடிக் கேட்டா இல்லன்னு சொல்ல முடியாது? சொல்லுங்க. நானே எழுதுதேன்."

யோசித்தேன். இந்த மாதிரி என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"ஒண்ணு. இந்த மாவட்டத்துல பிரசவம் பாக்குற ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியிலயும், மயக்க டாக்டர் வாரத்துல எந்தெந்தக் கிழமை நேர்ல இருக்கார்?"

எழுதினார். மெதுவாக, பெரிய எழுத்தில், பள்ளிக்கூடத்துப் பையன்போல நாக்கைக் கடித்துக்கொண்டு.

"நேர்ல… இருக்கார். சரி. ரெண்டு?"

"ரெண்டு. அவர் இல்லாத கிழமைல…"

ரோஸ் சிஸ்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "மேடம், தலை தெரியுது!"

எழுந்து ஓடினேன்.

முதல் பிரசவம். கொஞ்சம் இழுத்தது. பெண் குழந்தை, மூன்று கிலோ, உடனே அழுதது. நஞ்சு முழுசாக விழுந்தது. வயிற்றில் கை வைத்துக்கொண்டே நின்றேன். கர்ப்பப்பை கல்போல இறுகியது. ரத்தம் நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றேன். பிறகு தையல் போட்டு, கழுவி, வந்தேன்.

போயிருப்பார் என்று நினைத்தேன். ஸ்டூலில் சத்தம் போட்ட அம்மாள் உட்கார்ந்திருந்தாள். எம்.எல்.ஏ. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார், அவளுடைய எக்ஸ்ரே கவரின் மேல் சீட்டை வைத்துப் பிடித்தபடி.

"என்ன புள்ள?" என்றார்.

"பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

தலையை ஆட்டினார். பேனா மூடியைத் திறந்தார்.

"அவரு இல்லாத கெழமையில. அதோட நிக்கு. சொல்லுங்க."